மீனைக் கணக்கிட்டவர், மண்டியிட மறுத்தவர்

1931ஆம் ஆண்டு. இத்தாலி நாடு. அந்நாட்டுப் பல்கலைக் கழகங்களிலே பாடம் சொல்லும் பேராசிரியர்கள் 1,200க்கும் மேற்பட்டோர். கலையிலே கரை கண்டவர்கள் அவர்களிலே இருந்தனர். சட்டத்திலே தேர்ந்தவர்கள் இருந்தனர். மருந்தறிந்தோர், மண்ணறிந்தோர், விண்ணறிந்தோர் அனைவரும் இருந்தனர். அவ்வளவு பேர் முன்னும் ஒரே ஒரு தாள் நீட்டப்பட்டது. மன்னனுக்கும் பாசிச ஆட்சிக்கும் விசுவாசமாக இருப்பதாகவும், அந்த ஆட்சியிடம் பற்றுக் கொண்ட குடிமக்களாக மாணவர்களை உருவாக்குவதாகவும் உறுதிமொழி கூறிக் கையெழுத்திட வேண்டும். இட்டால் பதவி, சம்பளம், மரியாதை எல்லாம் உண்டு. மறுத்தால் பல்கலைக் கழகத்தின் வாயிற்கதவு மூடப்படும்.

எத்தனை பேர் மறுத்தனர்? பன்னிரண்டு பேர்! சிலர் கணக்கிலே ஓரிருவர் கூடலாம், அவ்வளவுதான். நூற்றுக்கு ஒருவர் என்று சொல்லும் அளவுக்குத்தான் நிமிர்ந்த தலைகள் இருந்தன. அந்தப் பன்னிருவரிலே கணித மேதை ஒருவர். வயது 71. பெயர் விட்டோ வோல்டெரா.

இன்று உலகத்தின் எந்தப் பல்கலைக் கழகத்திலே போய், உயிர்களின் பெருக்கத்தையும் தேய்வையும் கணக்கால் அறியும் துறையைப் படிக்கச் சேர்ந்தாலும், தொடக்கப் பாடங்களிலேயே இந்தப் பெயர் எதிர்ப்படும். கரும்பலகையிலே இரண்டு சமன்பாடுகள். அவற்றின் மேலே இரண்டு பெயர்கள்: லோட்கா, வோல்டெரா. மாணவன் அவற்றை எழுதிக் கொள்கிறான், தேர்விலே விடை எழுதுகிறான், மதிப்பெண் பெறுகிறான். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார், எப்படி வாழ்ந்தார், எதற்கு விலை போக மறுத்தார் என்பதைக் கரும்பலகை சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

துணி விற்றவர் மகன்

1860 மே 3 அன்று, ஏட்ரியாட்டிக் கடலோரத் துறைமுகமான அங்கோனா நகரிலே பிறந்தார் வோல்டெரா. பெற்றோர் யூதர்கள். தந்தை ஆபிரகாமோ, துணி வாணிகம் செய்தவர். அந்நாளில் அங்கோனா போப்பாண்டவரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. யூதனாய்ப் பிறந்தவனுக்கு அந்த ஆட்சியிலே சம உரிமை கிடையாது. ஊருக்குள்ளேயே தனிச் சேரி அமைத்து, அதற்குள்ளே யூதரை அடைத்து வைத்த வரலாறு அந்த நகருக்கு உண்டு. பிறப்பைக் காட்டி மனிதனை ஒதுக்கும் நோய் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதல்ல; அந்தந்த நாடு அதற்கு அந்தந்தப் பெயரிட்டு, அந்தந்த வேதத்தைத் துணைக்கு அழைத்துக் கொண்டது!

குழந்தை பிறந்த அதே ஆண்டிலே, ஒன்றுபட்ட இத்தாலியை அமைக்கப் புறப்பட்ட படை அங்கோனாவை முற்றுகையிட்டது. குண்டுகள் விழுந்தன. அவற்றுள் ஒன்று பச்சிளங் குழந்தை வோல்டெராவின் தொட்டிலையே நொறுக்கியது என்றும், குழந்தை மயிரிழையிலே தப்பியது என்றும் அவர் வாழ்வை எழுதியோர் குறித்துள்ளனர். ஆட்சி மாறியது. யூதனும் குடிமகன்தான் என்னும் நிலை வந்தது. அந்தப் புதிய விடுதலைதான் பின்னாளில் அவரைப் பள்ளிக்கும், பல்கலைக் கழகத்துக்கும், செனட் அவைக்கும் அழைத்துச் சென்றது. இதை நினைவில் கொள்ளுங்கள்; பின்னர் வேண்டியிருக்கும்.

இரண்டு வயதிலே தந்தை மறைந்தார். தாய் ஆஞ்செலிக்கா, மகனை அழைத்துக் கொண்டு தம் சகோதரர் வீட்டிலே அடைக்கலம் புகுந்தார். தாய்மாமன் வங்கி ஊழியர், செல்வரல்லர். தம் சம்பாத்தியத்திலே அக்குடும்பத்தையும் தாங்கினார். சிறுவன் பெரும்பாலும் ஃபுளோரன்ஸ் நகரிலே வளர்ந்தான். 11 வயதிலேயே கணித நூல்களைத் தானே எடுத்துப் படித்தான். 13 வயதிலே, சந்திரனுக்குப் பயணம் போவது பற்றி ழூல் வெர்ன் எழுதிய கதை கையிலே கிடைத்தது. மற்றப் பிள்ளைகள் கதையைப் படித்து வியந்தார்கள். இவன் காகிதமும் எழுதுகோலும் எடுத்தான். பூமி ஒரு பக்கம் இழுக்க, சந்திரன் மறு பக்கம் இழுக்க, இடையிலே பறக்கும் குண்டு எந்த வழியே போகும் என்று கணக்குப் போட உட்கார்ந்தான்!

ஆனால் வறுமைக்குக் கணிதம் புரியுமா? குடும்பத்தார்க்குப் பையன் விரைவில் சம்பாதிக்க வேண்டும். வங்கியிலே ஒரு வேலை, மாதம் பிறந்தால் ஒரு தொகை. அதுதான் அவர்கள் கண்ட வழி. குற்றம் சொல்ல முடியாது. நம் வீடுகளிலும் இன்று வரை நடக்கும் வழக்குத்தானே இது! பையனுக்குப் புத்தி சொல்லி வேலைக்கு அனுப்புமாறு, பொறியாளராக இருந்த எடோவார்டோ அல்மாஜியா என்ற உறவினரிடம் விட்டனர். புத்தி சொல்ல வந்தவர் பையனின் கணக்குகளைப் பார்த்தார், மலைத்தார், அவன் பக்கமே சேர்ந்து விட்டார்! ரோயிட்டி என்ற இயற்பியல் பேராசிரியர் ஃபுளோரன்ஸ் ஆய்வுக் கூடத்திலே உதவியாளர் வேலை கொடுத்தார். படிப்பு நின்று போகாமல் பிழைத்தது. உரிய நேரத்திலே ஓர் உறவினரும் ஓர் ஆசிரியரும் கை கொடுத்திராவிட்டால், உலகம் ஒரு கணித மேதையை இழந்து ஒரு வங்கிக் கணக்கரைப் பெற்றிருக்கும்.

1878இல் பீசா பல்கலைக் கழகம். 1882இல் டாக்டர் பட்டம். 1883இல், 23ஆம் வயதிலே, அதே பீசாவில் பேராசிரியர்! பின்னர் டூரின், 1900இல் தலைநகர் ரோமாபுரி. அந்த ஆண்டிலேயே, தமக்காக வாதாடிய அல்மாஜியாவின் மகள் வெர்ஜீனியாவை மணந்தார். வோல்டெரா தொகையீட்டுச் சமன்பாடுகள் என்று இன்றும் கணித நூல்கள் கூறும் கண்டுபிடிப்பு அவருடையதே. 1905இல் செனட் உறுப்பினரானார். 1910இல் லண்டன் ராயல் கழகம் அயல்நாட்டு உறுப்பினராக்கிப் பெருமை கொண்டது. சேரியின் நினைவு மாறாத ஊரிலே துணி விற்றவர் மகனுக்கு இவ்வளவும் எப்படி வந்தன? அறிவு இருந்தது, அதோடு கதவும் திறந்திருந்தது. கதவு திறவாத நாட்டிலே அறிவு எத்தனை பிறந்து எத்தனை மடிந்தனவோ!

மீன் சந்தையிலே பிறந்த கேள்வி

கணிதத்தால் கோள்களின் போக்கைக் கூறலாம். பாலத்தின் பளுவைக் கூறலாம். உயிருள்ளவற்றைக் கூறலாமா? இந்தக் கேள்வி அவர் மனத்திலே நெடுநாளாக இருந்தது. 1901இலேயே, ரோமாபுரிப் பல்கலைக் கழகத்தின் ஆண்டுத் தொடக்க உரையிலே, உயிரியலிலும் சமூக இயலிலும் கணிதத்தைப் பயன்படுத்தும் முயற்சிகளைப் பற்றித்தான் அவர் பேசினார். ஆனால் விதை முளைக்க மழை வர வேண்டுமே! அந்த மழை கால் நூற்றாண்டு கழித்து, மீன் சந்தையிலிருந்து வந்தது.

அவருடைய மகள் லூயிசாவை மணக்க இருந்தவர் உம்பர்ட்டோ தாங்கோனா என்ற இளம் விலங்கியலாளர். ஏட்ரியாட்டிக் கடலோர மீன் சந்தைகளின் பழைய கணக்குகளை அவர் ஆராய்ந்து கொண்டிருந்தார். டிரியெஸ்ட், ஃபியூமே, வெனிஸ் ஆகிய துறைகளிலே எந்த ஆண்டு எந்த மீன் எவ்வளவு வந்தது என்ற கணக்கு. பார்த்தவர் திகைத்தார். ஃபியூமே சந்தைக்கு 1914இல் வந்த மீனில், சுறா, திருக்கை வகைகள் நூற்றுக்கு 12. 1915இல் நூற்றுக்கு 21. 1918இல் நூற்றுக்கு 36! பிறகு மெல்ல இறங்கி, 1923இல் நூற்றுக்கு 11.

ஏன்? 1914 முதல் 1918 வரை நடந்தது உலகப் போர். கடலிலே கண்ணிவெடி, கரையிலே பட்டாளம். மீனவர்கள் வலை வீசுவது குறைந்தது. வலை குறைந்தால் மீன் பெருகும்; சரி. எல்லா மீனும் ஒரே வீதத்திலே பெருகியிருக்க வேண்டியதுதானே? தின்னும் மீனின் பங்கு மட்டும் மும்மடங்கானது ஏன்? தின்னப்படும் மீனின் பங்கு குறைந்தது ஏன்? தாங்கோனாவுக்கு விடை தெரியவில்லை. வருங்கால மாமனாரிடம் வந்தார்.

வோல்டெரா கடலுக்குப் போகவில்லை; மீனை அறுத்துப் பார்க்கவில்லை. மேசையிலே உட்கார்ந்து, சிக்கலை எளிமையாக்கினார். கடலிலே இரண்டே வகை உயிர் என்று வைத்துக் கொண்டார்: இரையாகும் சிறு மீன், அதை உண்ணும் பெரு மீன். சிறு மீன், தொல்லை இல்லாவிட்டால், தன் எண்ணிக்கைக்குத் தக்கபடி பெருகும். பெரு மீன், உணவு இல்லாவிட்டால், தன் எண்ணிக்கைக்குத் தக்கபடி தேயும். இரண்டும் எவ்வளவு அடிக்கடி சந்திக்கும்? இரண்டின் எண்ணிக்கையையும் பெருக்கினால் வரும் அளவுக்கு ஏற்ப. ஒவ்வொரு சந்திப்பும் சிறு மீனுக்கு இழப்பு. பெரு மீனுக்கு வரவு. இவ்வளவுதான். இதையே இரண்டு வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதினார்.

சுறாவும் மத்தியும்

அந்தக் கணக்கை எளிய எண்களிலே பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக் கொண்டவை, நியாயம் வோல்டெராவுடையது.

கடலின் ஒரு பகுதியிலே மத்தி மீன், மாதம் நூற்றுக்கு 20 வீதம் பெருகுகிறது. ஒவ்வொரு சுறாவும் அங்குள்ள மத்தியிலே மாதம் நூற்றுக்கு 1 வீதம் தின்கிறது. மத்தியின் எண்ணிக்கை கூடாமல் குறையாமல் நிற்க எத்தனை சுறா இருக்க வேண்டும்? 20. இப்போது மீனவர் வலை வீசி, மத்தியிலே நூற்றுக்கு 5 எடுத்துக் கொள்கிறார். மிஞ்சும் பெருக்கம் நூற்றுக்கு 15. எனவே 15 சுறாவுக்குத்தான் அங்கே இடம். சுறா குறைகிறது.

மறு பக்கம் பாருங்கள். சுறா, இரை கிடைக்காவிட்டால், மாதம் நூற்றுக்கு 10 வீதம் மடிகிறது. ஒவ்வோர் ஆயிரம் மத்தியும் சுறாக் கூட்டத்தை நூற்றுக்கு 1 வீதம் வளர்க்கிறது. சுறாவின் எண்ணிக்கை நிலைத்து நிற்க 10,000 மத்தி வேண்டும். மீனவர் வலையிலே சுறாவும் நூற்றுக்கு 5 சிக்கினால்? சுறாவின் சாவு நூற்றுக்கு 15 ஆகிறது. அதை ஈடு செய்ய 15,000 மத்தி வேண்டும். அதாவது, மத்தி 15,000 ஆகும் வரை சுறாவால் தலை தூக்க முடியாது, மத்தி பெருகுகிறது.

வியப்பைப் பாருங்கள்! மீனவர் இரண்டையும் ஒரே வீதத்திலேதான் பிடிக்கிறார். ஆனால் அளவோடு பிடிக்கும் வரை, சராசரியிலே சிறு மீன் கூடுகிறது. பெரு மீன் குறைகிறது. சிறு மீனுக்குக் காவலன், வலை வீசும் மீனவனே! போர் வந்து வலை நின்றதும் கணக்குத் தலைகீழானது. சுறா செழித்தது, சிறு மீன் நலிந்தது. தாங்கோனாவின் புதிருக்கு விடை கிடைத்தது.

இன்னொன்றையும் அந்தச் சமன்பாடுகள் காட்டின. இரண்டு கூட்டமும் ஒரே நிலையிலே நிற்பதில்லை. அலை போல ஏறி இறங்கும். சிறு மீன் பெருகும். பின்னாலேயே சுறா பெருகும். சுறா பெருகியதால் சிறு மீன் குறையும்; இரை குறைந்ததால் சுறாவும் குறையும்; மீண்டும் சிறு மீன் எழும். தெய்வத்தின் சினமும் இல்லை, கிரகத்தின் கோளாறும் இல்லை. உண்பதும் உண்ணப்படுவதுமே அந்த ஏற்ற இறக்கத்தைத் தோற்றுவிக்கப் போதும்.

1926இல் இதை வெளியிட்டார். லண்டன் நேச்சர் ஏட்டிலும் சுருக்கம் வந்தது. உடனே அமெரிக்காவிலிருந்து ஆல்பிரட் லோட்கா, இத்தகைய சமன்பாடுகளைத் தாம் முன்பே எழுதியிருப்பதையும், 1925இல் வந்த தம் நூலிலே அவை இருப்பதையும் சுட்டிக் காட்டினார். வோல்டெரா அதை மறைக்கவில்லை, ஒப்புக் கொண்டார். ஆகவேதான் இருவர் பெயரும் சேர்ந்து நிற்கிறது.

குறையே இல்லையா? உண்டு. அந்தச் சமன்பாட்டிலே சிறு மீனுக்குத் தீனி தீர்வதே இல்லை. சுறாவுக்கு வயிறு நிறைவதே இல்லை. மீன் சந்தைக் கணக்கு மட்டும் போதுமான சான்றாகாது என்று அன்றே ஐயம் கிளப்பிய அறிஞர்களும் இருந்தனர். 1934இல் மாஸ்கோ நகரத்து காஸ், கண்ணாடிக் குழாயிலே நுண்ணுயிர்களை வளர்த்துச் சோதித்து, கணக்கு எங்கே பொருந்துகிறது, எங்கே பிசகுகிறது என்று காட்டினார். பின்வந்தோர் திருத்தினர், சேர்த்தனர். இன்றைய மாணவன் முதலில் வோல்டெராவைப் படிக்கிறான். அடுத்த வாரம் அவரைத் திருத்தப் படிக்கிறான். வேதம் திருத்தத்தை ஏற்காது. விஞ்ஞானம் திருத்தத்தாலேயே வளர்கிறது. அதுதான் வேறுபாடு!

கணக்கு மேசையோடு நின்றுவிடவும் இல்லை. கலிபோர்னியாவிலே எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களைச் செதில்பூச்சி அழித்தது. 1888இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பொறிவண்டைக் கொண்டு வந்து விட்டனர். அது பூச்சியைத் தின்று அடக்கியது. 1940களிலே டி.டி.டி. மருந்து வந்தது. மிச்சமிருக்கும் பூச்சியையும் ஒழிக்கலாம் என்று தெளித்தனர். என்ன ஆயிற்று? பொறிவண்டு மடிந்தது, பூச்சி மீண்டும் பெருகியது! இரையையும் இரைகொல்லியையும் சேர்த்துக் கொன்றால் இலாபம் இரைக்கே என்று 1926இலேயே வோல்டெராவின் கணக்குச் சொல்லியிருந்தது. நெல் வயலிலே புகையானை ஒழிக்க மருந்தடித்து, அதைத் தின்னும் சிலந்தியையும் சேர்த்துக் கொன்ற நாடுகள் அதே பாடத்தைக் கற்றன. இந்தோனேசியா 1986இல் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாதென்று தடை போட்டது இதனால்தான்.

இதே காலத்திலே நோயும் கணக்குக்குள் வந்தது. 1905-06இல் பம்பாயிலே கொள்ளை நோய்க்குப் பலியானோர் எண்ணிக்கையை வைத்து, கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்னும் இருவர் 1927இல் தொற்று நோய்க்குச் சமன்பாடு எழுதினர். 2020இல் கொரோனா வந்தபோது, ஒரு நோயாளி எத்தனை பேருக்குப் பரப்புவார், அலை எப்போது உச்சத்தைத் தொடும் என்று உலக அரசுகள் கேட்டனவே, அதற்கு விடை தேடியவர்கள் இந்த மரபிலே வந்தவர்கள்தாம்.

கையெழுத்து

மீனைக் கணக்கிட்டுக் கொண்டிருந்த அந்த நாட்களிலேயே, நாட்டை ஒரு சுறா விழுங்கிக் கொண்டிருந்தது. 1922இல் முசோலினி ஆட்சியைப் பிடித்தார். கருஞ்சட்டைப் பட்டாளம் தெருவிலே தடி ஏந்தியது. நாம் அறிந்த கருஞ்சட்டை அறியாமையை எதிர்த்து அணிந்தது. அந்தக் கருஞ்சட்டை அறிவை அடித்து நொறுக்க அணிந்தது!

வோல்டெரா நாட்டுப் பற்று இல்லாதவரா? உலகப் போரின்போது, 55 வயதிலே, தாமாக முன்வந்து படையிலே சேர்ந்தவர் அவர். விண்கப்பலிலே ஏறிப் பறந்து, அதிலிருந்து பீரங்கி சுடும் சோதனைகளை நடத்தியவர். தீப்பற்றும் ஹைட்ரஜனுக்குப் பதில் ஹீலியம் நிரப்பலாம் என்று யோசனை சொன்னவர். போருக்குப் பின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைவர். லின்சியன் கழகம் என்ற பழம்பெரும் அறிவியல் அவைக்கும் தலைவர். நாட்டுப் பற்று வேறு, ஆட்சிக்குப் பல்லக்குத் தூக்குவது வேறு என்பதை அறிந்தவர்.

1925இல் பாசிசத்தை எதிர்த்துக் குரோச்சே வெளியிட்ட அறிஞர் அறிக்கையிலே கையொப்பமிட்டார். செனட் அவையிலே பாசிசத்தை எதிர்த்து வாக்களித்த சிலரிலே ஒருவராக இருந்தார். 1926க்குப் பின் கழகங்களின் தலைமைப் பதவிகள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயின. ஆராய்ச்சிக் கழகத் தலைமை மார்க்கோனிக்குச் சென்றது. வோல்டெரா பாரிஸ் நகரிலே தம் உயிரியல் கணக்குகளைப் பாடமாகச் சொன்னார். உயிர் வாழ்வதற்கான போராட்டத்தின் கணிதக் கோட்பாடு பற்றிய அந்தப் பாடங்கள் 1931இல் நூலாயின.

அதே 1931இலேதான் அந்தத் தாள் வந்தது.

கையெழுத்திட்ட எல்லோரும் கயவரா? அப்படிச் சொன்னால் நியாயமாகாது. ஒருவருக்குக் குடும்பம், ஒருவருக்குக் கடன். பதவியில் இருந்தால்தான் மாணவரைக் காக்கலாம், இடத்தை விட்டுக் கொடுத்தால் பாசிஸ்டுதான் வந்து உட்காருவான் என்று கருதினர் பலர். பாசிசத்தை எதிர்த்த தலைவர்களே சிலருக்கு அந்த யோசனையைச் சொன்னார்கள். மனத்துக்குள்ளே மறுப்பை வைத்துக் கொண்டு வாயால் சொன்னால் போதும் என்று மதபீடம் ஒரு வழி காட்டிற்று. ஜெர்மனியிலிருந்து ஐன்ஸ்டைன், இத்தாலிய அறிஞர்களை இந்த அவமானத்துக்கு ஆளாக்க வேண்டாமென்று அமைச்சர் ரோக்கோவுக்கு எழுதிப் பார்த்தார். பயனில்லை.

வோல்டெரா நெடிய சொற்பொழிவு நடத்தவில்லை. பல்கலைக் கழகத் தலைவருக்குச் சுருக்கமாக ஒரு மறுமொழி எழுதினார். தம் அரசியல் கருத்து செனட் அவையில் தாம் நடந்து கொண்ட முறையிலேயே எல்லோருக்கும் தெரியும் என்றும், அதற்கு அரசமைப்புச் சட்டமே காப்பளிக்கிறது என்றும், தம் மனச்சான்று இந்த உறுதிமொழிக்கு இடம் தரவில்லை என்றும் தெரிவித்தார். அவ்வளவே. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு பாடம் சொன்னவர் பதவி இழந்தார். மறுத்தவர்களிலே கணிதப் பேராசிரியர் அவர் ஒருவரே.

1934இல் அதே உறுதிமொழியை அறிவியல் கழகங்களிலும் கேட்டனர். மறுபடியும் மறுத்தார். இத்தாலியக் கழகங்கள் அனைத்திலிருந்தும் பெயர் அடிக்கப்பட்டது. தாம் தலைமை வகித்த கழகத்திலேயே அவருக்கு நாற்காலி இல்லை!

1938இல் வந்தது அடுத்த இடி. இனச் சட்டம். யூதராய்ப் பிறந்த ஆசிரியரும் மாணவரும் கல்விக் கூடங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். சட்டப் பேராசிரியராயிருந்த வோல்டெராவின் மகன் எடோவார்டோவும் வேலை இழந்தார். தொட்டிலிலே குழந்தையாய்க் கிடந்தபோது உடைந்த சேரிச் சுவர், கிழவராகி நின்றபோது மீண்டும் எழுந்தது.

இங்கேதான், தோழர்களே, ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். டூலியோ லெவி-சிவிட்டா என்பவர் வோல்டெராவுக்கு நிகரான கணித மேதை, ஐன்ஸ்டைனின் கொள்கைக்கு வேண்டிய கணிதத்தை ஆக்கித் தந்தவர்களிலே ஒருவர், பண்பாளர், பாசிசத்தை விரும்பாதவர். 1931இல் மனத்தாங்கலோடு கையெழுத்திட்டார். 1938இல் என்ன கிடைத்தது? கையெழுத்திட்ட அவரும் யூதர் என்பதால் வெளியேற்றப்பட்டார். அவரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பழி, தாளை நீட்டியவனுடையது. கொடுங்கோலன் வாங்கிக் கொள்ளும் கையெழுத்துக்கு அவன் எந்தக் காலத்திலும் பதில் மரியாதை செய்வதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். 1,200 பேரும் சேர்ந்து மறுத்திருந்தால்? அத்தனை பல்கலைக் கழகங்களையும் ஒரே நாளில் மூடியிருக்க முடியுமா? ஒவ்வொருவரும் தாம் ஒருவர் மறுத்து என்ன ஆகும் என்று எண்ணினார்கள். அந்த எண்ணந்தான் முசோலினியின் பெரிய படை!

மிஞ்சியது எது?

1938 முடிவிலே உடல் நலிந்தது. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1940 அக்டோபர் 11 அன்று ரோமாபுரியிலே, 80ஆம் வயதிலே, வோல்டெரா மறைந்தார். உலகம் போற்றிய அந்த மேதைக்கு, அவருடைய நாட்டின் பல்கலைக் கழகங்கள் வெளிப்படையாக ஓர் இரங்கற் கூட்டம் நடத்தவில்லை. வெளிநாட்டு ஏடுகள் அவர் வரலாற்றை எழுதின. 1936இல் அவரை உறுப்பினராக்கியிருந்த வாத்திகன் அறிவியல் கழகம் அவரை நினைவு கூர்ந்தது. எந்தப் பீடத்தின் ஆட்சியிலே அவருடைய பெற்றோர்க்கு உரிமை மறுக்கப்பட்டதோ, அந்தப் பீடத்தின் கழகமே கடைசியிலே அவருக்கு நாற்காலி தந்தது. வரலாறு இப்படியும் நகைக்கும்!

அதே ரோமாபுரியிலே, வெளியேற்றப்பட்ட யூத மாணவர்களுக்கு, அவருடைய பழைய தோழர் காஸ்டெல்நுவோவோ என்ற கணிதப் பேராசிரியர் போர்க்காலத்திலே மறைமுகமாகப் பல்கலைக் கழகப் பாடங்கள் நடத்தினார். கட்டடம் கிடையாது, அரசின் முத்திரை கிடையாது. ஆனாலும் அதுவும் பல்கலைக் கழகந்தான். கற்க ஒருவர், கற்பிக்க ஒருவர், இருவருக்கும் அஞ்சாமை; இந்த மூன்றும் இருந்தால் பல்கலைக் கழகம். மூன்றாவது போய்விட்டால் மற்றதெல்லாம் வெறும் செங்கல்.

1945இல் முசோலினி வீழ்ந்தார். மிலான் நகரத்து எண்ணெய்க் கடையின் முகப்பிலே அவருடைய உடல் தலைகீழாகத் தொங்கியது. 1946இல், மீண்டும் உயிர் பெற்ற லின்சியன் கழகத்திலே, காஸ்டெல்நுவோவோ எழுந்து நின்று வோல்டெராவின் நினைவைப் போற்றினார். பெயரை அடித்த கழகமே பெயரைப் புகழ்ந்தது.

அந்த உறுதிமொழியை எழுதியவன் பெயரை இன்று எந்த மாணவன் படிக்கிறான்? அதை வாங்கி வைத்த அலுவலகத்தின் பெயர் எவருக்குத் தெரியும்? ஆனால் மத்திக்கும் சுறாவுக்கும் எழுதிய அந்த இரண்டு வரிக் கணக்கு, பல்கலைக் கழகத்துக் கரும்பலகைகளிலே ஒவ்வோர் ஆண்டும் எழுதப்படுகிறது. அதைப் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு, குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக் கழகத்தின் படி ஏறும் நம் பிள்ளைகளுக்கு, நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: சமன்பாட்டை மனப்பாடம் செய்; அதை எழுதிய கையையும் நினைவில் கொள். அந்தக் கை கடல் முழுவதையும் இரண்டு வரியிலே எழுதிற்று. ஆனால் கொடுங்கோலன் கேட்ட ஒரே ஒரு கையெழுத்தை மட்டும் எழுத மறுத்தது.